நான் கோடு போட்ட மைதானம்

அந்தக் கல்லூரியில் நான் செய்த வேலைக்குப் பெயர் கிடையாது. விசாவில் க்ளீனர் என்று அடித்திருந்தார்கள். செய்தது மைதான வேலை. அதற்கு முன்னால் அபுதாபி பக்கம் ருவைஸில் இரண்டு வருடம் கட்டட சைட் ஹெல்பர், பிறகு ஓமானில் சலாலாவில் ஒரு துணிக்கடையில் எட்டு மாதம். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இப்படித்தான் அமையும். எனக்கு அதில் குறை இல்லை. ஒரே இடத்தில் இரண்டு வருடம் தாண்டினால் எனக்கே அந்த இடத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும். ஏன் இன்னும் நம்மை அனுப்பாமல் வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கல்லூரி அஜ்மானைத் தாண்டி, மணல் தொடங்கும் இடத்தில் இருந்தது. சின்னக் கல்லூரி. நான்கு கட்டடம், ஒரு மசூதி, ஒரு கேன்டீன், பின்னால் சும்மா கிடந்த பெரிய நிலம். அந்த நிலத்தில் புல் வளர்த்து வைத்திருந்தார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்து குழாயில் விடுவார்கள். அந்த நீரில் வளர்ந்த புல். மாணவர்கள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். நான் சேர்ந்த வருடம்தான் ஓர் அமெரிக்கர் அங்கே கணக்கு வாத்தியாராக வந்தார். ஐம்பது வயது இருக்கும், ஆள் உயரம், முழங்காலில் பழைய ஆபரேஷன் தழும்பு. வந்த இரண்டாம் மாதமே அவர்கள் ஊர் ஃபுட்பாலுக்கு ஓர் அணி சேர்த்து, அவரே அதற்குக் கோச்சும் ஆகிவிட்டார்.

அமெரிக்க ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது, எறிவது, ஓடுகிறவனை மறித்து விழத்தட்டுவது. தலையில் ஹெல்மெட், தோளில் பலகை மாதிரி ஒரு கவசம். ஒரு பக்கத்துக்கு நான்கு முயற்சி. அந்த நான்குக்குள் பத்து அளவு தூரம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். அந்த ஆட்டம் அப்போதுதான் அந்தப் பக்கத்தில் தலையெடுத்துக்கொண்டிருந்தது. நாலைந்து அணிகள்தான். எல்லா ஆட்டமும் துபாயில் வாடகைக்கு எடுத்த ஒரே மைதானத்தில், சனிக்கிழமைகளில் நடக்கும். எங்கள் நிலம் பயிற்சிக்கு மட்டும்.

கல்லூரியின் விளையாட்டு ஆபீசர் நம்மவர். சென்னைக்காரர். மனைவியும் பிள்ளைகளும் ஷார்ஜாவில் இருந்தார்கள், மடிப்புக் கலையாத சட்டை. அவர்தான் ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தார்.

"நீ சைட்ல வேலை பாத்தவன்தானே? ட்ராயிங் படிப்பியா?"

"படிப்பேன் சார்."

"அப்ப இதப் பிடி. கோச் போட்டுக் குடுத்தது. நாளைக்கு சாயங்காலம் கோடு ரெடியா இருக்கணும்."

ஒரு நீள்சதுரம். அதற்குள் குறுக்குக் கோடுகள். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று ஐம்பது வரை ஏறி, மறுபடி இறங்கும் எண்கள். இரண்டு முனையிலும் பத்துப் பத்து. அலகு எதுவும் எழுதவில்லை. சைட்டில் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. வரைபடத்தில் எண் ஆயிரக்கணக்கில் இருந்தால் மில்லிமீட்டர், இரண்டு இலக்கமாக இருந்தால் மீட்டர். இதைப் போய் யாரும் கேட்கமாட்டார்கள். ருவைஸில் ஒரு புதுப் பையன் ஃபோர்மேனிடம் இது மீட்டரா என்று கேட்டுவிட்டு, ஊருக்குப் போகும்வரை 'மீட்டர்' என்றே கூப்பிடப்பட்டான். நான் கோச்சிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: மொத்தம் நூற்று இருபதா? ஆமாம், நூற்று இருபது என்றார். ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். கயிறு கட்டி, முளை அடித்து, பெயிண்ட் வண்டியைத் தள்ளி, அடுத்த நாள் மூன்று மணிக்குள் முடித்தேன். ஒரு கோடுகூட வளையவில்லை. கோச் வந்து நடுவில் நின்று பார்த்தார்.

"பெரிதாகத் தெரிகிறது" என்றார் ஆங்கிலத்தில். பிறகு அவரே, "பாலைவனத்தில் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அணியில் இருந்தவர்கள் எல்லாம் புதியவர்கள். ஓடுகிறவர்களில் பாதிப்பேர் கிரிக்கெட்டில் எல்லையோரம் நின்றவர்கள். பந்து எறிகிறவன் ஜோர்டான் நாட்டு மாணவன். அவர்களுக்கு அடி எண்ணி ஓடச் சொல்லிக்கொடுத்தால் மறந்துவிடுகிறார்கள் என்று கோச் கோடுகளை வைத்துப் பழக்கினார். இரண்டு கோடு தாண்டு, சட்டென்று திரும்பு, பந்து அங்கே வரும். எறிகிறவன் மனதில் மூன்று எண்ணுவான். ஆளைப் பார்க்கவே மாட்டான். மூன்று முடிந்ததும் அந்த இடத்துக்கு எறிவான். நவம்பர் முழுக்க, சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு, அதைத்தான் செய்தார்கள். பயிற்சியில் பந்து பிசகாமல் கைக்கு வந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி வந்தது.

துபாயில் போய் ஆடினால் எதுவும் நடக்கவில்லை. முதல் ஆட்டத்தில் எங்கள் பையன் இரண்டு கோடு ஓடித் திரும்பிக் கைகளை விரித்து நிற்கிறான். பந்து வந்து சேர்வதற்குள் எதிரணி ஆள் குறுக்கே புகுந்து பறித்துக்கொண்டு ஓடுகிறான். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம். அன்றைக்கு நான்கு தடவை. அடுத்த சனிக்கிழமை வேறு அணி, அதே கதை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தோன்றியது: பந்து எங்கே வரப்போகிறது என்று இவர்களுக்கு முன்கூட்டியே தெரிகிறது.

கோச்சுக்கும் அதுதான் தோன்றியது. அன்றிலிருந்து அவர் பேசும்போது வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டார். ஆட்டக்காரர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அதற்குள் சின்ன அட்டை, அதில் ஆட்டத் திட்டங்கள். அந்த அட்டைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் வேலை என்னிடம் வந்தது. ஒருநாள் ஓர் அட்டை குறைந்தது. நைஜீரியாக்காரப் பையனின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். அட்டை அவன் உள்பனியனில் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் அதற்குப் பிறகு ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கட்டியவர்கள் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினார்கள். இன்னோர் அணியில் யாருக்குச் சித்தப்பா மகன் இருக்கிறான், யார் யாரோடு வாட்ஸாப்பில் பேசுகிறார்கள் என்றெல்லாம் பேச்சு ஓடியது. என்னையும் சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள். அட்டைகள் கடைசியாக என் கையில்தானே இருக்கின்றன. அந்தப் பார்வையை என்னிடமிருந்து திருப்ப ஓர் ஆள் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நான் நினைத்திருக்க வேண்டும். அப்போது அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

அணியின் பஸ்ஸை ஓட்டியவர் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய். நாற்பது வயது. கல்லூரி கொடுத்த அறையில் நானும் அவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தோம். என் கட்டிலுக்கு மேல் கட்டில் அவருடையது. முந்தைய வருடம் வரை துபாய் அணி ஒன்றின் பஸ்ஸை ஓட்டியவர். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரே ஒருநாள் மீன் கழுவும்போது சொன்னார். நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆட்டம் அந்தத் துபாய் அணியுடன். ஹெல்மெட் பைகளை இறக்கிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனேன். பஸ்கள் நிற்கும் இடத்தில் பாயும் அந்த அணியின் டிரைவரும் பால் ஊற்றாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு நின்றார்கள். பாய் சட்டைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த காகிதத்தை எடுத்து அவனிடம் கொடுத்தார். அவன் பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் வைத்தான். என்னைக் கண்டதும் பாய் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"என்னா தம்பி, தண்ணிக்கா? அந்தப் பக்கம் கூலர் இருக்கு, அங்க போ."

எனக்கு அந்தப் பக்கம் கூலர் இருப்பது தெரியும். என்னை ஏன் விரட்டுகிறார் என்றுதான் யோசித்தேன். அன்றும் தோற்றோம். திரும்பும் வழியில் அவர் கண்ணாடியில் இரண்டு தடவை என்னைப் பார்த்தார்.

அறையில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் பேசுவதற்கு வெளியே போனார். வழக்கமாக அறைக்குள்ளேயே கத்திப் பேசுகிறவர். திங்கட்கிழமை காலை ஆபீசரிடம் போய்ப் பார்த்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நல்ல வேலை பண்ண."

எனக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. பாய் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆபீசர் என்னைப் பார்த்து, "நீ பாத்தத அவர் முன்னாடியே சொல்லு" என்றார். சொன்னேன். பாய் என்னையே பார்த்தார்.

"தம்பி, மேக்கட்டுல நான், கீழ்க்கட்டுல நீ. தட்டிக் கேட்டா சொல்லிருப்பேன்ல."

"அந்தப் பேப்பர் என்னன்னு இப்ப எங்கிட்ட சொல்லுங்க" என்றார் ஆபீசர்.

"வீட்டு வாடகை காண்ட்ராக்ட் சார். அவன் விசா கேன்சல் ஆகி ஊருக்குப் போறான். அஜ்மான்ல அவன் இருக்குற ஒத்த ரூம் வீட்ட எம்பேருக்கு மாத்துறோம். வீட்டுப் பேப்பர் இருந்தாத்தான் ஃபேமிலி விசா போட முடியும். என் கையெழுத்து போட்ட நகல்தான் குடுத்தேன்."

"இத ஏன் மறைக்கணும்?"

"விசா ஸ்டாம்ப் விழுற வரைக்கும் யாருட்டயும் சொல்ல மாட்டோம் சார். கண்ணு பட்டுரும்."

அது உண்மை. அங்கே இருக்கிறவன் எவனும் விசா கைக்கு வரும்வரை வாயைத் திறக்கமாட்டான். சலாலாவிலிருந்து நான் இங்கே வந்தபோது, டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கடைசி நாள் வரை கடையில் அடுத்த மாத லீவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் நான். எனக்குத் தெரியாத வழக்கமா? ஆனாலும் ஆபீசர் பக்கமே நின்றேன்.

பாய் அடுத்த நாள் அந்தக் காகிதத்தையே வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். ஆபீசர் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது நாலு பக்கம். நடுவுல அஞ்சாவதா ஒரு பக்கம் இருந்துச்சா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாயை டூட்டியிலிருந்து நிறுத்தினார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாடகை டிரைவர். அதற்குப் பிறகு முடிவு என்றார்கள். முடிவு என்றால் கேன்சல். இவர் விசா கேன்சல் ஆனால் இவர் பேரில் போடவிருந்த குடும்ப விசாவும் கலாஸ், முடிந்தது. ஊரில் அவர் மனைவி தயாராகிவிட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டார்கள். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. எதிர்க் கட்டில்காரரிடம் சொன்னார், நான் கீழே படுத்திருப்பது தெரிந்தே.

"டி.சி.ய வாங்குனவ மறுபடி போயி அதே ஸ்கூல்ல நிக்கணும். எட்டாங்கிளாஸ் பிள்ள. வாப்பாவ ஏன் அனுப்பிட்டாங்கன்னு கேப்பாளுவ. என்னா சொல்லுவா?"

வியாழக்கிழமை காலை கோச் என்னைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைக் கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. இரண்டு முனையிலும் கம்பு வைத்த சங்கிலி. ஆட்டத்தில் பத்து அளவு முன்னேறினார்களா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். புல்லில் பிரித்துப் போட்டுச் சிக்கெடுத்து வை என்றார்.

பிரித்தேன். ஒரு கம்பைக் கோட்டில் ஊன்றி இன்னொன்றை இழுத்துக்கொண்டு பத்து அளவு தள்ளியிருந்த கோட்டுக்குப் போனேன். சங்கிலி எட்டவில்லை. முறுக்கு இருக்கும் என்று உதறி மறுபடி இழுத்தேன். கோட்டுக்கு ஒரு தப்படி முன்னாலேயே நின்றுவிட்டது. எனக்கு முதலில் வந்த நினைப்பு, யாரோ சங்கிலியை வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான். கூரியர்காரனோ, ஸ்டோர்காரனோ, துபாய் அணிக்காரனோ. உட்கார்ந்து ஒவ்வொரு வளையமாகத் தடவிப் பார்த்தேன். வெட்டு இல்லை, பற்றவைத்த தடம் இல்லை. கடைசியில் டேப்பை வைத்து அளந்தேன். ஒன்பது மீட்டரும் சொச்சமும்.

சலாலா துணிக்கடையில் இரண்டு கோல் வைத்திருந்தோம். ஒன்று மீட்டர் கோல், ஒன்று வார் கோல். வார் என்றால் நம் கெஜம். வார் கோலைவிட மீட்டர் கோல் நாலு விரல்கடை கூடுதல் நீளம். எட்டு மாதம் இரண்டையும் மாறி மாறிப் பிடித்த கை. ஒன்பதும் சொச்சமும் என்று டேப்பில் பார்த்தவுடனே கைக்குத் தெரிந்துவிட்டது. இது பத்து கெஜம். கோச் எழுதிய பத்து, கெஜம். நான் போட்ட பத்து, மீட்டர்.

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பையன்கள் இரண்டு மாதமாக நீண்ட கோட்டில் ஓடிப் பழகியிருக்கிறார்கள். எறிகிறவன் அந்த ஓட்டத்துக்குத்தான் மூன்று எண்ணிப் பழகியிருக்கிறான். துபாய் மைதானத்தில் கோடு சரியான கெஜத்தில் இருக்கிறது. ஓடுகிறவன் சீக்கிரம் போய்ச் சேர்ந்து திரும்பி நின்று காத்திருக்கிறான். பந்து பிந்தி வருகிறது. அவன் நின்று காட்டுகிற இடத்துக்கு எதிரி நடந்து வந்தால் போதும். யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேராகக் கோச்சிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பங்களாதேஷ் தோட்டக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, பழைய வெள்ளைக் கோடுகள் மேல் பச்சைப் பெயிண்ட் அடித்தேன். மணல் மூட்டை வைத்து நிறுத்திய கோல் கம்பத்தை உள்ளே தள்ளி வைத்தோம். சங்கிலியை வைத்தே புதுக் கோடுகள் போட்டேன். எதற்கு இது என்று அவர்கள் இந்தியில் கேட்டார்கள். சார் சொன்னார் என்றேன். ஆட்டம் சரியாகிவிட்டால் சந்தேகமும் தானாகப் போய்விடும், பாயும் தப்பிவிடுவார், நானும் தப்பிவிடுவேன். இதுதான் என் கணக்கு.

அன்றைய பயிற்சியில் ஓடுகிறவர்கள் திரும்பி நின்று காத்திருந்த பிறகே பந்து வந்து சேர்ந்தது. கோச் எறிகிறவனிடம், "சீக்கிரம் எறி, இரண்டரையில் எறி" என்று கத்தினார். புதுக் கோடு என்பதால் புல்லை ஒரு தடவை உற்றுப் பார்த்தார்; நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பழகிவிட்டார்கள். சனிக்கிழமை ஜெயித்தோம். அணியின் முதல் வெற்றி. பையன்கள் கோச்சின் தலையில் ஐஸ் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். நைஜீரியாக்காரன்கூடச் சிரித்தான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஆபீசர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியா? ஒரே வாரம். அந்த ஆள நிறுத்தினோம், விஷயம் வெளிய போறது நின்னுடுச்சு. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"திங்கட்கிழமை கேன்சல் பேப்பர் எச்.ஆருக்குப் போகுது. உன் பேர நான் மேல சொல்லிருக்கேன். நல்லா இருப்ப."

என் கணக்கு அவ்வளவு மட்டமாகப் போகும் என்று நான் நினைக்கவில்லை. தப்பைச் சரிசெய்ததால்தான் அவர் குற்றவாளியானார். நான் சும்மா இருந்து நாலாவது தடவையும் தோற்றிருந்தால்கூட அவருக்கு நல்லது.

அறைக்குப் போனபோது பாய் துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஜெயிச்சிட்டியளாமே" என்றார். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சங்கிலியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு கோச்சின் வீட்டுக் கதவைத் தட்டினேன். கல்லூரிக்குள்ளேயே குடியிருந்தார். என் ஆங்கிலம் பத்து வாக்கியத்துக்குள் முடிந்துவிடும். அதனால் பேசாமல் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சங்கிலியை விரித்து, பக்கத்தில் டேப்பை விரித்தேன். பிறகு ஷூ முனையால் புல்லைத் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே வெள்ளை வந்தது. அவர் குனிந்து பார்த்தார். அங்கிருந்து அடுத்த பழைய கோடு வரை அடிவைத்து நடந்தார். திரும்பி நடந்தார். தொப்பியைக் கழற்றிப் புல்லில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"எப்போது தெரிந்தது?"

"தர்ஸ்டே."

"வியாழக்கிழமை ஏன் சொல்லவில்லை?"

நான் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தேன். "நானும் காகிதத்தில் கெஜம் என்று எழுதவில்லை, எங்கள் ஊரில் அதை எழுத மாட்டோம், வேறு அளவே கிடையாது" என்றார் அவர். எறிகிற பையனைக் கை வரவில்லை என்று எத்தனை நாள் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை கோச் என்னை ஆபீசரிடம் கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் முழுதும் கேட்டார். பிறகு என்னிடம் தமிழில் பேசினார், கோச்சுக்குப் புரியக்கூடாது என்று.

"நீயும் அவரும் ஒரே ரூம்தானே? நேத்து ரூம்ல என்ன சொன்னாரு? அழுதாரா?"

"ஒண்ணும் சொல்லல சார். நாந்தான் தப்பா அளந்தேன்."

"போன வாரம் அவர் தப்புன்ன. இந்த வாரம் உன் தப்புங்குற. அடுத்த வாரம் என் தப்புன்னு சொல்லுவியா?"

"பச்சப் பெயிண்ட் இருக்கு சார். வந்து பாருங்க."

"பெயிண்ட் நீதானே அடிக்கிற? நேத்துகூட அடிச்சிருக்கலாம்."

அவரை நான் குறை சொல்லமுடியாது. சந்தேகப்படுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். கோச்சுக்குத்தான் பொறுமை போனது. மாலை நான்கு மணிக்கு ஆபீசரை மைதானத்தில் நிற்கவைத்தார். பழைய கோடு ஒன்றை முழுவதும் சுரண்டி வெள்ளை எடுக்கச் சொன்னார். எறிகிற பையனைப் பழையபடி மூன்று எண்ணச் சொன்னார். ஒருவன் பழைய கோடு வரை ஓடித் திரும்பினான். பந்து நெஞ்சுக்கு வந்தது. அடுத்து, அதே மூன்று, அதே எறி. புதுக் கோட்டில் திரும்பினான். பந்துக்காகக் காத்து நின்றான். குறுக்கே நின்ற நைஜீரியாக்காரன் இரண்டு அடி வைத்துப் பந்தை எடுத்துக்கொண்டு போனான். ஐந்து தடவை செய்துகாட்டினார்கள். ஐந்து தடவையும் அப்படித்தான்.

ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "சரி" என்றார். என் பக்கம் திரும்பி, "உன் விசா எப்ப முடியுது?" என்று கேட்டார். மார்ச் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

செவ்வாய்க்கிழமை பாய் டூட்டிக்கு வந்தார். பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் சீட்டையும் கண்ணாடியையும் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தார். பையன்கள் அவர் தோளில் தட்டினார்கள். நான் ஹெல்மெட் பைகளைப் பின்னால் ஏற்றிவிட்டுப் பைகளோடேயே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நடந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்று ஜெயித்தோம், ஒன்று தோற்றோம். தோற்ற அன்று யாரும் யார் பையையும் கொட்டவில்லை. ஆனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது மட்டும் நிற்கவில்லை. கடைசி ஆட்டம் வரை ஓர் அட்டை விடாமல் எண்ணினேன்.

அறையில் நான் அவரிடம் ஒரு தடவை பேச முயன்றேன். அவர் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"பாய், நான் அன்னைக்கு பாத்தத வச்சு..."

"விடு தம்பி. நீ பாத்தத சொன்ன. பொறவு அளந்ததையும் சொன்ன. ரெண்டும் காதுல விழுந்துச்சு."

"மனசுல வச்சிக்கிடாதீங்க."

"எனக்கு மாவு காயுது. தள்ளு."

ஜனவரி கடைசியில் அவருக்கு விசா வந்துவிட்டது. வந்தது எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டூட்டி முடிந்து வந்தால் மேல்கட்டில் காலி. மற்ற இரண்டு பேரும் அவருடைய ஃபிரிட்ஜை ஒரு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன். பாய் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏற்றி முடித்ததும் அந்த இரண்டு பேரும் பின்னால் ஏறினார்கள். நான் ஏற ஒரு காலை வைத்தேன்.

"இடம் பத்தாது தம்பி" என்றார் பாய். பிக்கப்பில் பாதி காலியாக இருந்தது.

அவர்கள் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வீடு எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவர் மற்றவரைப் பார்த்தார். அந்தப் பக்கந்தான், மெயின் ரோட்டுக்கு உள்ள என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சொல்லவேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பார். அது அவருக்கு உள்ள உரிமை.

பிப்ரவரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கருப்பு அபாயா போட்ட மனைவி, இரட்டைச் சடை போட்ட மகள். மகள் பள்ளிக்கூடப் பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் என்னைக் கண்டார். மகளின் தலைக்கு மேல் கையை வைத்து, அவளை அரிசி மூட்டைகள் இருந்த அடுத்த வரிசைக்குத் திருப்பிக்கொண்டு போனார். நான் வாங்க வந்த சோப்பை வாங்கிக்கொண்டு வேறு வாசல் வழியாக வெளியே வந்தேன்.

மார்ச்சில் என் விசாவைப் புதுப்பிக்கவில்லை. கோச் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நன்றாக வேலை செய்பவர், நேர்மையானவர் என்று அதில் இருந்தது. மஸ்கட்டில், ரூவியில் ஒரு ஹோட்டலில் வேலை கேட்கப் போனபோது அந்தக் கடிதத்தை மேனேஜர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையெழுத்து அசல்தானா என்று பார்த்தார்.